கார்த்திகை மழைக்கு முன் வீடும் வளவும் கிணறும்: யாழ்ப்பாணக் கிராமங்களுக்கான முழுமையான அனர்த்த ஆயத்த வழிகாட்டி

தனுஷ்கோடியை அழித்து எங்கள் வடகரையையும் உலுக்கிய புயல் 1964 டிசம்பர் 22, 23இல் வந்தது. மட்டக்களப்பைச் சிதைத்த புயல் 1978 நவம்பர் 23இல். யாழ்ப்பாணத்தை வெள்ளத்தில் மூழ்கடித்த நிஷா 2008 நவம்பர் கடைசி வாரத்தில். புரெவி 2020 டிசம்பர் 2இல். 2024இல் வந்த பெருவெள்ளமும் நவம்பர் கடைசி வாரம்தான். 2025இல் நாடு முழுவதையும் புரட்டிப்போட்ட டித்வாவும் நவம்பர் கடைசிதான். எல்லாமே கார்த்திகை, மார்கழிக்குள். இவ்வளவு தெளிவாகத் திகதி குறித்து வரும் ஆபத்துக்கு ஆவணி, புரட்டாதியிலேயே ஆயத்தமாவது முடியாத காரியம் இல்லை.

ஆயத்தம் என்றதும் பலருக்கு ரோச் லைற், மெழுகுதிரி, பிஸ்கற் பக்கற் என்றுதான் நினைவு வருகிறது. அவை வேண்டும்தான். ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வெள்ளத்தின் பெரிய கெடுதி காற்று அடங்கிய பிறகுதான் தொடங்குகிறது. அது கிணற்றுக்குள் நடக்கிறது. ஆகவே இந்த வழிகாட்டியில் கிணற்றுக்கும் வெள்ளம் வடிந்த பின்னான நாட்களுக்கும்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலாவது: உங்கள் வளவின் மட்டத்தை அறியுங்கள்

குடாநாடு சுண்ணக்கல் தரை. பெரிய ஏற்ற இறக்கம் கிடையாது. வருடம் முழுக்க ஓடும் ஆறும் கிடையாது. மழைநீர் மூன்று வழியாகத்தான் கடலுக்குப் போகிறது: வடமராட்சிக் களப்பால் தொண்டைமானாற்றுக்கு, உப்பாற்றால் அரியாலைப் பக்கம், வழுக்கையாற்றால் அராலிக்கு. இந்த மூன்றுக்கும் போய்ச் சேரும் வெள்ளவாய்க்கால்கள் அடைபட்டால், அல்லது வாய்க்கால்களுக்கு இடையில் இருந்த குளத்தைக் கல்லும் மண்ணும் போட்டு நிரப்பி வீடு கட்டினால், தண்ணீர் தேடிப்போகும் இடம் அடுத்தவர் வளவு.

எவ்வளவு தண்ணீர் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். குடியிருப்புக் காணியில் 16 பரப்பு ஒரு ஏக்கர். இரண்டு பரப்பு வளவு என்றால் ஏறக்குறைய 500 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர். ஒரே நாளில் 150 மில்லிமீற்றர் பெய்தால், உங்கள் இரண்டு பரப்பில் மட்டும் விழுவது 75,000 லீற்றர். மொட்டைமாடியில் வைக்கும் 1000 லீற்றர் தாங்கியில் எழுபத்தைந்து. ஒழுங்கையில் இருக்கும் இருபது வீட்டுக்கும் சேர்த்து யோசித்தால், வாசல் மதகில் சிக்கிக் கிடக்கும் ஒரு உரப்பை என்ன செய்யும் என்பது விளங்கும்.

செய்ய வேண்டியது இதுதான். முந்தின வெள்ளத்தில் தண்ணீர் எந்தப் பக்கத்தால் வந்தது, எதுவரை ஏறியது, எத்தனை நாள் நின்றது என்று வீட்டில் வயது போனவர்களிடமும் அயலவர்களிடமும் கேளுங்கள். ஏறிய உயரத்தைச் சுவரில் பெயின்ரால் கோடு போட்டு, வருடத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். அந்தக் கோடுதான் இனி உங்கள் வீட்டுச் சட்டம். நெல் மூடை, மோட்டர், குளிர்சாதனப் பெட்டி, காஸ் சிலிண்டர், பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் அந்தக் கோட்டுக்கு மேலே ஏறவேண்டும்.

இரண்டாவது: புரட்டாதிக்குள் முடிக்க வேண்டிய வேலைகள்

மரம். முருங்கை, பப்பாசி போன்றவை சின்னக் காற்றுக்கே முறியும். கூரைக்கு மேலே நீண்ட மா, வேம்புக் கொப்புகளை இப்போதே தறியுங்கள். மின்கம்பிக்குக் கிட்ட நிற்கும் மரத்தில் நீங்களாகக் கை வைக்காதீர்கள். மின்சார சபைக்கு 1987 என்ற தொலைபேசி இலக்கத்தில் அறிவித்து, அவர்களைக் கொண்டு வெட்டுவியுங்கள். தென்னையில் முற்றின தேங்காயையும் காய்ந்த மட்டையையும் இறக்கிவிடுங்கள், காற்றில் பறந்து வந்து ஆளைக் காயப்படுத்துவது பெரும்பாலும் அவைதான். பனையைப் பற்றிப் பயப்பட வேண்டாம், அது பெருங்காற்றுக்கும் நின்றுபிடிக்கிற மரம். ஆனால் காவோலை விழும் இடத்தில் கொட்டில் போடாதீர்கள்.

கூரை. தகரம், சீற் போட்ட வீட்டில் ஆணி கழன்ற இடம், துரு ஏறிய இடம் எல்லாம் பாருங்கள். காற்று கூரையின் விளிம்பில்தான் முதலில் பிடிக்கிறது. ஆகவே ஓரத்துத் தகரங்களைக் கட்டுக்கம்பியால் வளையோடு இறுக்கிக் கட்டுங்கள். ஓட்டு வீட்டில் முகட்டு ஓடு ஆடுகிறதா என்று பார்த்துச் சீமெந்து பூசுங்கள். மண் மூடை போட்டால் போதும் என்று விடுவது சரியில்லை. மழையில் சாக்குப் பிய்ந்து, மூடை உள்ளே விழுந்த வீடுகள் உண்டு.

வாய்க்கால். இது ஒரு வீட்டு வேலையல்ல. ஒழுங்கைக்காரர் எல்லாரும் ஒரு சனிக்கிழமை கூடினால் மண்வெட்டியோடு ஒரு காலையில் முடியும். மதகுக்குள் இருக்கும் போத்தல், பொலித்தீன், குரும்பட்டி எல்லாவற்றையும் இழுத்து எடுங்கள். பெரிய வாய்க்கால் அடைபட்டிருந்தால் பிரதேச சபைக்கு எழுத்தில் கொடுத்து, பிரதியில் கையெழுத்து வாங்கி வையுங்கள். வெள்ளம் வந்தபிறகு சண்டை பிடிப்பதைவிட இது நல்லது. மதிலைக் கட்டும்போது அடியில் தண்ணீர் போக ஓட்டை விடாமல் கட்டியவர்கள், தயவுசெய்து இரண்டு மூன்று இடத்தில் கல்லைக் கழற்றி வழி விடுங்கள். முன்பு கிடுகு வேலியும் கதியாலும் இருந்தபோது தண்ணீர் தன்பாட்டில் போனது. மதில் வந்த பிறகுதான் பல ஒழுங்கைகள் குளமாகின்றன.

மூன்றாவது: கிணறு

சுண்ணக்கல்லுக்குள் வெடிப்பும் பொந்தும் நிறைய. மேலே விழும் தண்ணீர் மணலில் வடிகட்டுப்படுவதுபோல இங்கே வடிகட்டுப்படாது, நேரே இறங்கும். உங்கள் கிணற்று ஊற்றுக்கும் அயல் வீட்டு மலசலகூடக் குழிக்கும் நிலத்துக்கடியில் நேர்வழி இருக்கலாம். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறிவரும்போது அந்தக் குழியும் நனைகிறது. வெள்ளம் கிணற்றுக்கட்டைத் தாண்டாவிட்டாலும் தண்ணீர் கெடுவது இப்படித்தான். "எங்கள் கிணற்றுக்குள் வெள்ளம் போகவில்லை, கொதிக்க வைக்கத் தேவையில்லை" என்று சொல்லாதீர்கள்.

மழைக்கு முன்: கிணற்றுக்கட்டு வெள்ளக்கோட்டுக்கு மேல் இருக்கவேண்டும். பதிவாக இருந்தால் இரண்டு வரிசைக் கல்லாவது வைத்து உயர்த்துங்கள். கட்டைச் சுற்றிச் சீமெந்துத் தளம் போட்டு, தண்ணீர் வெளிப்பக்கம் வடியும்படி சரிவு விடுங்கள். வலையோ தகரமோ போட்டு மூடுங்கள். கட்டில்லாத தோட்டக் கிணறுகள் தனி ஆபத்து. வெள்ளத்தில் தரையும் கிணறும் ஒரே மட்டமாகிவிடும், எங்கே கிணறு என்று தெரியாது. நான்கு மூலைக்கும் உயரமான கம்பு நட்டு, சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். பிள்ளைகள் ஓடித் திரியும் தரை அது.

இன்னொன்றும் செய்து வையுங்கள். கிணற்றின் விட்டத்தையும் மழைக்காலத்துத் தண்ணீர் ஆழத்தையும் அளந்து எழுதுங்கள். விட்டத்தில் பாதியை அதே எண்ணால் பெருக்கி, 3.14ஆல் பெருக்கி, ஆழத்தாலும் பெருக்கினால் எத்தனை கனமீற்றர் தண்ணீர் என்று வரும். விட்டம் 3 மீற்றர், தண்ணீர் 4 மீற்றர் என்றால் ஏறக்குறைய 28 கனமீற்றர், அதாவது 28,000 லீற்றர். வெள்ளத்துக்குப் பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் குளோரின் போட வரும்போது அவருக்கு வேண்டிய முதல் கணக்கு இது. கண்மட்டத்துக்கு ஒரு பேணி அள்ளிக் கொட்டுவது குறைந்தாலும் பயனில்லை, கூடினாலும் குடிக்க முடியாது. ஈரம் பிடித்துக் கட்டியான பழைய பிளீச்சிங் பவுடரில் குளோரினின் வீரியம் குறைந்துபோயிருக்கும், அதை நம்பவேண்டாம்.

நான்காவது: தண்ணீரும் சாப்பாடும்

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 3 லீற்றர் வைத்துக் கணக்குப் போடுங்கள். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு மூன்று நாளைக்கு 45 லீற்றர். எச்சரிக்கை வந்த உடனேயே, கிணறு இன்னும் சுத்தமாக இருக்கும்போது, மூடியுள்ள கான்களில் நிரப்பிவிடுங்கள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆட்கள் மூன்று நாளோடு நிற்காதீர்கள். கடல் கொந்தளித்தால் படகுச் சேவை எத்தனை நாள் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு கிழமைக்கு வையுங்கள். மருந்தும் அப்படித்தான்: பிரஷர், நீரிழிவு, வலிப்பு, இதய மருந்து எடுப்பவர்கள் ஐப்பசிக் கிளினிக்கிலேயே டொக்டரிடம் சொல்லி மேலதிகமாகக் கேளுங்கள்.

சாப்பாட்டுக்குக் கடைக்கு ஓடத் தேவையில்லை. வறுத்த அரிசிமா, புழுக்கொடியல், ஒடியல்மா, பனாட்டு, எள்ளுப்பாகு, பொரித்த மோர்மிளகாய், கருவாடு என்று அடுப்பு மூட்டாமலோ சின்ன அடுப்பிலோ சமாளிக்கக்கூடிய சாமான் எங்கள் வீடுகளில் எப்போதும் இருந்தது. காற்றுப் புகாத டின்னில் போட்டு உயரத்தில் வையுங்கள். சிரட்டை, பொச்சுமட்டை, ஊமல் ஒரு மூடை நனையாத இடத்தில் இருக்கட்டும். கைக்குழந்தை உள்ள வீட்டில் பால்மாவும் கொதித்தாறிய தண்ணீரும் தனியாக.

ஐந்தாவது: ஒரு பை

இதை எங்கள் ஆட்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. 1995 இடப்பெயர்வில் எதைத் தூக்கினோம், எதை விட்டுவிட்டு வந்தோம், காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் இல்லாமல் பிறகு எத்தனை வருடம் கந்தோர் கந்தோராக அலைந்தோம் என்பது ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிற கதை. ஆகவே சுருக்கமாக: அடையாள அட்டை, பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், உறுதி, வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி, அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு தொடர்பான கடிதங்கள். இவற்றைத் தடித்த பொலித்தீன் உறைக்குள் போட்டு, வாய் மடித்து ஒட்டி, முதுகுப் பையில். எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வெளியூரில் இருக்கும் ஒரு உறவுக்கு அனுப்பி வையுங்கள். பையோடு ரோச், பவர் பாங்க், மாற்றுடுப்பு, கொஞ்சம் சில்லறைக் காசு. கரண்ட் இல்லாவிட்டால் காசு இயந்திரம் வேலை செய்யாது.

யார் எந்தப் பையைத் தூக்குவது, யார் அம்மம்மாவைப் பிடிப்பது, யார் மாட்டை அவிழ்ப்பது என்று முதலிலேயே பேசிவையுங்கள். நடக்க முடியாதவர்கள் உள்ள வீட்டின் விபரத்தைக் கிராம சேவையாளரிடம் முன்கூட்டியே கொடுங்கள். உங்கள் பகுதிக்குரிய இடைத்தங்கல் இடம் எந்தப் பள்ளிக்கூடம், எந்தப் பொதுநோக்கு மண்டபம் என்பதையும் அவரிடமே கேட்டு வையுங்கள். போகிற வழியில் வெள்ளம் நிற்கும் இடம் இருந்தால், மற்ற வழி எது என்று ஒரு தடவை நடந்து பாருங்கள்.

ஆறாவது: எச்சரிக்கையைச் சரியாகக் கேட்பது

இங்கே அடிக்கடி ஒரு பேச்சுக் கேட்கும்: "புயல் இல்லையாம், வெறும் தாழமுக்கம்தானாம்." காற்று மணிக்கு ஏறக்குறைய 62 கிலோமீற்றரைத் தாண்டினால்தான் புயல் என்று பெயர் வைக்கிறார்கள். அந்தப் பெயர் காற்றைப் பற்றியது, மழையைப் பற்றியது அல்ல. 2024 நவம்பரில் எங்களை மூழ்கடித்தது ஃபெங்கல் புயல் என்று இப்போது சொல்கிறோம். உண்மையில் அது இலங்கையின் கிழக்குக் கரையை உரசிக்கொண்டு போனபோது ஆழ்ந்த தாழமுக்கம்தான். எங்களைக் கடந்து போனபிறகுதான் அது புயலாகிப் பெயரும் பெற்றது. ஆகவே அறிவித்தலில் இரண்டு எண்களைத் தேடுங்கள்: எத்தனை மில்லிமீற்றர் மழை, எத்தனை கிலோமீற்றர் காற்று. 100க்கு மேல் மில்லிமீற்றர் என்றால் சாமான்களைக் கோட்டுக்கு மேலே ஏற்றுங்கள். 150ஐத் தாண்டும் என்றால், பதிவான வளவில் இருப்பவர்கள் இருட்ட முன் வெளியேறுவதுதான் புத்தி.

வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலை வானொலியில் கேளுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. வட்சப்பில் வரும் குரல்பதிவை அனுப்புவதற்கு முன் இவற்றோடு ஒத்துப்பாருங்கள். கடற்றொழிலாளர்கள் தடை வந்தபின் போகக்கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. வள்ளத்தைக் கரையில் இன்னும் மேலே இழுத்து, இயந்திரத்தைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

ஏழாவது: ஆடு மாடு

2022 டிசம்பரில் மாண்டோஸ் புயல் எங்கள் பக்கம் கரை ஏறவில்லை. வெள்ளமும் பெரிதாக இல்லை. ஆனாலும் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் ஒன்றிரண்டு நாளில் செத்தன. காரணம் குளிர்காற்று. மழையில் நனைந்து, மறைப்பு இல்லாத வெளியில் நின்ற மெலிந்த மாடுகள் அந்தக் குளிரைத் தாங்கவில்லை.

அதனால் பட்டியின் வடக்குப் பக்கத்தையும் கிழக்குப் பக்கத்தையும் தரப்பாளாலோ பனையோலையாலோ அடையுங்கள். தரையில் காய்ந்த வைக்கோல் போடுங்கள். மழைக்கு முன்னமே வயிறு நிறையத் தீனி கொடுங்கள், உள்ளே இரை இருந்தால்தான் உடம்பில் சூடு இருக்கும். வெள்ளம் ஏறும் என்று தெரிந்தால் மாட்டைக் கட்டையில் விட்டுவிட்டுப் போகவேண்டாம். மேட்டுக்குக் கொண்டுபோக நேரமில்லையென்றால் கயிற்றையாவது அவிழ்த்துவிடுங்கள்.

எட்டாவது: காற்றும் மழையும் நடக்கும்போது

பெரிய சுவிச்சை நிற்பாட்டுங்கள். யன்னல் இல்லாத, கல்லால் கட்டிய நடு அறையில் எல்லாரும் ஒன்றாக இருங்கள். திடீரென்று காற்று ஓய்ந்தால் முடிந்துவிட்டது என்று வெளியே போகாதீர்கள். புயலின் நடுப்பகுதி கடந்துபோனால் மறுபக்கத்தால் அதே வேகத்தில் அடிக்கும். ஜெனரேற்றரை வீட்டுக்குள்ளோ விறாந்தையிலோ ஓட்டாதீர்கள், அதன் புகையில் உள்ள மணமில்லாத வாயு ஆளைக் கொல்லும். ஓடும் வெள்ளத்தில் மோட்டார் சைக்கிளை இறக்காதீர்கள். முழங்கால் அளவு ஓட்டமே ஆளை விழுத்தப் போதும்.

ஒன்பதாவது: தண்ணீர் வடிந்த பிறகு

2024 நவம்பர் வெள்ளம் வடிந்து இரண்டு கிழமைக்குள் யாழ் மாவட்டத்தில் காய்ச்சலால் ஆட்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். முதலில் என்ன காய்ச்சல் என்று தெரியாமல் பயந்தோம். பிறகு எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. எலியின் சலம் கலந்த வெள்ளநீர் காலில் உள்ள சின்ன வெடிப்பு, காயம் வழியாக உடம்புக்குள் போகிறது. வயலில் இறங்கினவர்களும் வளவைக் கழுவினவர்களும்தான் கூடுதலாக அகப்படுகிறார்கள்.

ஆகவே சேறு அள்ளும்போது பூட்ஸ் போடுங்கள், காயத்தை மூடுங்கள், முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். வயலுக்குப் போக வேண்டியவர்கள் போகுமுன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தடுப்பு மாத்திரை கேளுங்கள். கடையில் நீங்களாக வாங்கிப் போடவேண்டாம், கர்ப்பிணிகளுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் அது ஒத்துவராது. வெள்ளத்தில் கால் வைத்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் தசைநோ, கண் சிவப்பு, சலம் குறைதல் வந்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போய், "நான் வெள்ளத்துக்குள் நின்றேன்" என்று முதல் வசனமாகச் சொல்லுங்கள். பரசிற்றமோல் தவிர வேறு காய்ச்சல், வலி மாத்திரை எதுவும் போடாதீர்கள். மார்கழி, தை டெங்குக் காலமும்கூட, அந்த மாத்திரைகள் இரத்தக்கசிவைக் கூட்டும். சிரட்டை, ரயர், பூச்சாடித் தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுங்கள்.

கிணற்றுக்கு வருவோம். வெள்ளம் உள்ளே போயிருந்தால் உடனே மோட்டர் போட்டு அடி தெரிய இறைக்கத்தான் மனம் சொல்லும். வேண்டாம். சுற்றி நிலம் ஊறி நிற்கும்போது கிணறு வெறுமையானால் உட்சுவர் இடிந்து விழலாம். கடற்கரைக் கிராமங்களில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியில் இருக்கும் உவர்நீர் மேலே வரும், பிறகு நல்ல தண்ணீரை மீட்க நீண்ட காலம் எடுக்கும். மிதக்கும் குப்பையையும் செத்த பிராணிகளையும் எடுத்துவிட்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழையுங்கள். குளோரின் போட்டபின் மறுநாள்வரை தொடாதீர்கள், பிறகு மணம் போகும்வரை அளவாக இறையுங்கள். அதன் பிறகும் மழைக்காலம் முடியும்வரை குடிநீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள். குமிழி பொங்கி ஒரு நிமிடம் கொதித்தால் போதும்.

பாம்பும் வெள்ளத்தில் இடம் தேடி வீட்டுக்குள் வரும். நிலத்தில் பாய் போட்டுப் படுக்காதீர்கள். எட்டடி விரியன் இரவில்தான் கடிக்கும், கடித்த இடத்தில் நோவோ வீக்கமோ இல்லாமலும் இருக்கும். நிலத்தில் படுத்த ஒருவர் விடியப்புறம் வயிற்றுநோ என்று எழும்பினால், கண்ணிமை தானாகக் கீழே விழுந்தால், காயம் தேடிக்கொண்டு நிற்காமல் 1990க்கு எடுத்து அம்புலன்சில் ஏற்றுங்கள். கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

தென்மராட்சியின் எல்லைப் பக்கம், முகமாலை, கிளாலி போன்ற பழைய போர்முனைகளுக்குக் கிட்ட இருப்பவர்கள் வெள்ளம் அரித்த மண்ணில் ஏதாவது இரும்போ பிளாஸ்ரிக்கோ தெரிந்தால் தொடாமல், இடத்தை அடையாளம் வைத்து பொலிசுக்கு 119இல் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டும்.

வடமராட்சி கிழக்குக்குத் தனியாக ஒரு சொல்

மணற்காட்டிலிருந்து உடுத்துறை, மருதங்கேணி வரை உள்ளவர்களுக்கு 2004 டிசம்பர் 26ஐ நினைவூட்டத் தேவையில்லை. சுனாமிக்குத் திகதி கிடையாது. நிலம் நீண்டநேரம் அதிர்ந்தாலோ, கடல் வழமைக்கு மாறாக உள்வாங்கினாலோ, கோபுரத்தில் சைரன் ஒலிக்கும்வரை காத்திருக்காமல் மேற்கே உள்நாட்டுக்கு ஓடுங்கள். 2004இல் சுமாத்திராவில் நிலம் அதிர்ந்தது எங்களுக்குத் தெரியவே இல்லை, கடல் மட்டும்தான் காட்டியது. முதல் அலையோடு முடியாது, மணித்தியாலக் கணக்கில் திரும்பத் திரும்ப வரும். மணற்காட்டு மணல்மேடுகள் அந்தக் கரைக்கு மதில். அங்கே மண் அள்ளுவதைக் கண்டால் பேசாமல் விடாதீர்கள்.

கடைசியாக: இழப்பைப் பதிவது

வளவைக் கூட்டத் தொடங்க முன் படம் எடுங்கள். தண்ணீர் நின்ற அடையாளம் சுவரில் தெரியும்படி ஒன்று, விழுந்த கூரை, நனைந்த நெல், செத்த மாடு என்று ஒவ்வொன்றாக, போனில் திகதி பதியும்படி. வீட்டுச் சேதத்தைக் கிராம சேவையாளரிடமும், வயல், தோட்டச் சேதத்தைக் கமநல சேவை நிலையத்திலும், வலை, வள்ளத்தைக் கடற்றொழிலாளர் சங்கம் வழியாகவும் எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னது பட்டியலில் ஏறாது. கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதியும் கையெழுத்தும் வாங்கி, உறுதி இருக்கும் அதே உறைக்குள் வையுங்கள்.